“டிவியில் அம்மணத்தைக் காட்டுகிறவர்களா என் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது?”

இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் உள்ள ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நர்ஸ் வேலைக்காக இரண்டு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு அங்கே போனவர். வீட்டில் கணவர், 13 வயது மகன், 9 வயது மகள், ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கும் மாமியார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தில் மூன்று சம்பவங்கள். ஒருநாள் இரவு பத்தேகால் மணிக்கு டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைகிறார். ஹாலில் மாமியார் ஒரு கையால் ரிமோட்டின் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருக்கிறார். இன்னொரு கை முந்தானையால் முகத்தைப் பொத்தியிருக்கிறது. திரையில் ஆண்களும் பெண்களும் ஒட்டுத்துணி இல்லாமல் வரிசையாக நிற்கிறார்கள். ஜோடி தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சியாம். மாடிப்படியில் மகன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது, சமையல் நிகழ்ச்சி ஒன்றில் சமையல்காரர் வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை பேசுகிறார், பீப் சத்தம்கூடப் போடுவதில்லை. அந்த வார்த்தைகளில் ஒன்று இப்போது மகன் வாயிலும் வருகிறது.

மூன்றாவதுதான் அவரை எழுத வைத்தது. மகள் விளையாட்டு நேரத்தில் உடன் படிக்கும் கறுப்பினச் சிறுமியிடம், “கரண்ட் போனால் உன் பல் மட்டும்தான் தெரியும்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தப் பிள்ளை அழுதிருக்கிறது. பள்ளி இதை இனவெறிச் சம்பவம் என்று பதிவு செய்து, பெற்றோரை வரச்சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டது. அந்த வசனம், பாட்டியும் பேத்தியும் சேர்ந்து போனில் பார்க்கும் பழைய காமெடி கிளிப்பில் வருவது. “அம்மா, அது ரேசிஸ்ட்தான்” என்று மகன் சொன்னது அவருக்கு இன்னும் கோபம்.

“டிவியில் அம்மணத்தையும் கெட்ட வார்த்தையையும் காட்டுகிறவர்களுக்கு, காமெடிக்குச் சொன்ன ஒரு வார்த்தைக்காக என் பிள்ளையைக் குற்றவாளி ஆக்க என்ன உரிமை? இத்தனைக்கும் அவளும் என்னைப் போல நிறம் கம்மிதான். நம் ஊர் டிவியில் இந்த அசிங்கம் உண்டா? அமெரிக்காவில் இருக்கும் என் தங்கைகூட அங்கே இப்படிக் காட்ட மாட்டார்கள் என்கிறாள். எங்கள் விசாவுக்குப் பாதிப்பு வருமா? பள்ளியை மாற்றவா, இல்லை மாமியார் கிளம்பும்போது பிள்ளைகளையும் ஊருக்கே அனுப்பிவிடவா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் விசா பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், அது மனதில் இருக்கும்வரை மற்றது எதுவும் காதில் ஏறாது. பள்ளி எழுதி வைத்திருப்பது பள்ளிக்குள் இருக்கும் ஒரு பதிவு. அது போலீஸ் வழக்கு அல்ல. இங்கிலாந்தில் 10 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை மீது குற்ற வழக்கே போட முடியாது. உங்கள் மகளுக்கு 9. விளையாட்டுத் திடலில் ஒரு குழந்தை சொன்ன வார்த்தை உங்கள் விசாவைத் தொடாது. அவளை யாரும் குற்றவாளி ஆக்கவில்லை. கடிதத்தின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள், இரண்டு முறை படித்தேன். தண்டனை என்ற சொல்லே அதில் இல்லை. வந்து பேசுங்கள் என்றுதான் இருக்கிறது.

சரி, டிவிக்கு வருவோம்.

ஒன்பது மணிக் கோடு

அங்கே கட்டுப்பாடே இல்லை என்று நினைக்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் நம் ஊரைப் போல எதைக் காட்டலாம் என்பதைவிட எப்போது காட்டலாம் என்பதில் இருக்கிறது. ஆஃப்காம் என்கிற ஒழுங்குமுறை அமைப்பின் விதிப்படி, இரவு 9 மணியிலிருந்து காலை 5.30 வரைதான் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி போடலாம். இதை அங்கே ‘வாட்டர்ஷெட்’ என்பார்கள். 9 மணி அடித்த உடனே திடீரென்று மாறிவிடக் கூடாது, படிப்படியாகத்தான் போக வேண்டும் என்பதுவரை விதியில் உண்டு. நீங்கள் பார்த்த மாதிரி நிகழ்ச்சி பற்றி 2016லேயே ஆஃப்காமுக்குப் புகார்கள் போயின. இரவு பத்து மணிக்கு வருகிறது, நிர்வாணம் இருக்கிறதே தவிர பாலுறவுக் காட்சி இல்லை என்று சொல்லி, அவர்கள் அதை விசாரணைக்கு எடுக்கவில்லை.

இதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு திருநெல்வேலி வீட்டு ஹாலில், மாமியார் முன்னால், வயது வந்துகொண்டிருக்கும் பையன் முன்னால் அது வேண்டாம் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கூச்சம் உங்கள் உரிமை. ‘இந்த ஊருக்கு வந்துவிட்டோம், பழகிக்கொள்ள வேண்டும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த ஊர் தொலைக்காட்சி, ஒன்பது மணிக்கு மேல் ரிமோட்டுக்குப் பெற்றோர்தான் பொறுப்பு என்று கணக்குப் போடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் டியூட்டியில். ரிமோட் இருந்தது ஆங்கிலம் படிக்கத் தெரியாத அத்தையின் கையில். அன்று இரவு நடந்தது இவ்வளவுதான்.

டிவி பெட்டியின் மெனுவில் பெற்றோர் பூட்டு இருக்கும். பின் நம்பர் போட்டுவிடலாம். நெட்ஃபிளிக்ஸில் பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் வைத்து 12, 15 என்று வயது வரம்பு குறிக்கலாம். ஒன்பது மணிக்கு முன்னால் கண்ணில் பட்டால் புகார் கொடுங்கள். பிபிசி என்றால் முதலில் பிபிசியிடம், மற்ற சேனல்கள் என்றால் நேராக ஆஃப்காமிடம், ஒளிபரப்பான 20 வேலை நாட்களுக்குள். இதைச் செய்ய நீங்கள் அந்த நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை.

தங்கை சொன்னது பாதி சரி

அமெரிக்காவில் ஆண்டெனாவில் வரும் பொதுச் சேனல்களில் காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசத்துக்குத் தடை உண்டு. 2004இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நேரடி ஒளிபரப்பில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு அரை விநாடிக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்ததற்கு, அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம் போட்டார்கள். பின்னால் நீதிமன்றம் அதை ரத்து செய்தது வேறு கதை. ஆனால் அந்தத் தடை கேபிள் சேனல்களுக்கும் நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றுக்கும் கிடையாது. துப்பாக்கிச் சூடும் பிணமும் அந்தப் பொதுச் சேனல்களிலேயே சர்வசாதாரணம். கார்டன் ராம்சே என்ற சமையல்காரரின் ஒரே மாதிரியான உணவக நிகழ்ச்சி பிரிட்டனின் சேனல் 4இல் கெட்ட வார்த்தையோடு அப்படியே வந்தது, அமெரிக்காவின் ஃபாக்ஸில் வார்த்தைக்கு வார்த்தை பீப் போட்டு வந்தது. ஆள் ஒருவர்தான், வாயும் ஒன்றுதான்.

உங்கள் மகன் வார்த்தை கற்றுக்கொண்டதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வீட்டில் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், அந்த வயதில் அடங்கும். மகள் கற்றுக்கொண்டதுதான் எனக்குக் கவலை.

வார்த்தைக்கும் வார்த்தைக்கும் வித்தியாசம்

எந்தச் சொல் எவ்வளவு மோசம் என்று பிரிட்டன் மக்களிடமே ஆஃப்காம் அவ்வப்போது கேட்டு வெளியிடுகிறது. உடம்பைப் பற்றிய கெட்ட வார்த்தைகளை இரவு ஒன்பதுக்கு மேல் என்றால் பொறுத்துக்கொள்ளும் பலர், நிறத்தையோ இனத்தையோ வைத்துச் சொல்லும் வார்த்தைகளை அப்படி விடுவதில்லை. நமக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. நான் கவுன்சிலிங்கில் பார்க்கும் நம் ஊர்ப் பெற்றோர் பெரும்பாலும் உங்களைப் போலத்தான் திகைக்கிறார்கள்: ‘அதை விட்டுவிட்டு இதைப் பிடிக்கிறார்களே’ என்று.

அவர்களுக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். நம் ஊரில் ஒருவரை ‘மடையா’ என்று திட்டுவதும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் ஒன்றா? இரண்டாவதற்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்த தெருவும், தனி டம்ளரும், வாங்கிய அடியும் இருப்பதால்தான் சட்டம் அதைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. கறுப்பின மக்களின் நிறத்தைக் கேலி செய்யும் வார்த்தைக்குப் பின்னாலும் அப்படி ஒரு பாரம் இருக்கிறது: கப்பலில் ஏற்றிப்போய் ஏலம் விட்ட பாரம். உங்கள் மகளுக்கு அது தெரியாது, தெரிந்து சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிறுமியின் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டன்காரர்கள் இதில் பிறவி ஞானிகள் அல்லர். நீங்கள் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில், பர்மிங்காம் டவுன் ஹாலில் 1964இல், மேரி வைட்ஹவுஸ் என்ற பள்ளி ஆசிரியை உங்களைப் போலவே கொதித்து, டிவியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கூட்டம் போட்டார். அரங்கம் நிரம்பியது. அவர் போராடியது ஆபாசத்துக்கும் கெட்ட வார்த்தைக்கும் எதிராக. அதே காலத்தில், அதே பிபிசியில், வெள்ளைக்கார ஆண்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடிப்பாடும் ‘தி பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ’ குடும்ப நிகழ்ச்சியாக ஓடிக்கொண்டிருந்தது. 1958இல் தொடங்கியது. கோடிக்கும் மேல் பேர் பார்த்தார்கள். 1961இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ தொலைக்காட்சி விழாவில் ‘கோல்டன் ரோஸ்’ விருதும் வாங்கியது. 1967இல் இனப் பாகுபாட்டை எதிர்க்கும் இயக்கம் ஒன்று நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தது. நிறுத்தியது 1978இல். இந்தியாவில் நடப்பதாக வந்த ஒரு ராணுவ காமெடித் தொடரில், 1974இல், வெள்ளைக்கார நடிகர் ஒருவர் முகத்தில் மாநிறம் பூசிக்கொண்டு நம்மவராக நடித்தார். அதையெல்லாம் அந்த நாடு தப்பு என்று உணர இத்தனை வருடம் பிடித்தது. அங்கே போய்க் குடியேறிய கறுப்பினத்தவரும் நம்மவர்களும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் உணர்ந்தது. ஆகவே அந்தப் பள்ளிக்கூடம் கையில் வைத்திருக்கும் பாடத்தை வெள்ளைக்காரர்களின் பாடம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் நம் ஆட்களின் உழைப்பும் இருக்கிறது.

நம் ஊர் டிவி சுத்தமா?

2007ஆம் ஆண்டை ஞாபகப்படுத்துகிறேன். அந்த ஜனவரியில் பிரிட்டனின் ‘செலிப்ரிட்டி பிக் பிரதர்’ வீட்டுக்குள் நடிகை ஷில்பா ஷெட்டியைச் சக போட்டியாளர்கள் இனத்தை வைத்துக் கேவலமாகப் பேசினார்கள். 44,000க்கும் மேல் புகார்கள் ஆஃப்காமுக்குக் குவிந்தன. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். அப்போது பிரிட்டன் நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன் இந்தியா வந்திருந்த நேரம். போன இடமெல்லாம் அவரிடம் இதைத்தான் கேட்டார்கள். கடைசியில் அதை ஒளிபரப்பிய சேனல் 4 விதியை மீறிவிட்டது என்று ஆஃப்காம் தீர்ப்புச் சொல்லி, அதைத் திரையிலேயே அறிவிக்க வைத்தது. நம் நாடே அவமானப்பட்டதாக நாம் கொதித்தோம், அது நியாயமான கொதிப்பு.

அதே ஜனவரியில் இந்திய அரசு ஏஎக்ஸ்என் சேனலுக்கு இரண்டு மாதத் தடை விதித்தது. காரணம், ஆபாசமான விளம்பரங்களைத் தொகுத்துக் காட்டிய நிகழ்ச்சி.

ஐந்து மாதம் கழித்து, ஜூனில், தமிழில் ஒரு பெரிய நட்சத்திரத்தின் படம் வந்தது. பாரி மகளிரின் பெயரை இரண்டு பெண்களுக்கு வைத்து, அவர்களின் கறுப்பு நிறத்தையே காமெடியாக்கியிருந்தார்கள். தியேட்டர் அதிரச் சிரித்தோம். எந்தக் கொடும்பாவியும் எரியவில்லை, எந்தச் சேனலுக்கும் தடை வரவில்லை. நானும் அன்று தியேட்டரில் சிரித்தவர்களில் ஒருவர்தான். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நம் தொலைக்காட்சியில் நிர்வாணம் இல்லை, உண்மை. ‘ஏ’ சான்றிதழ் படத்தை அப்படியே போட முடியாது. கெட்ட வார்த்தைக்குப் பீப். கதாநாயகன் சிகரெட்டைப் பற்றவைத்தால் உடம்புக்குக் கேடு என்று கீழே எழுத்து ஓடுகிறது. ஆனால் ஒரு பெண்ணைத் தார் டப்பா என்றும், நடிகரைக் கரிக்கட்டை என்றும் சொல்லும்போது கீழே ஒன்றும் ஓடாது. அது ‘யு’ சான்றிதழோடு, குழந்தைகளும் பார்க்கும் காமெடி என்று, பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறது. நீங்கள் டிவியில் போடப்போகும் எந்தப் பூட்டும் அதைத் தடுக்காது. உங்கள் மகள் அந்த வசனத்தை ஒளிந்திருந்து கற்றுக்கொள்ளவில்லை. பாட்டி மடியில் உட்கார்ந்து, பாட்டி சிரித்த இடத்தில் தானும் சிரித்துக் கற்றுக்கொண்டாள்.

“நிறம் கம்மி”

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இந்த இரண்டு வார்த்தைகளில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ‘அவளும் என்னைப் போல நிறம் கம்மிதான்.’ அவளே கறுப்பாக இருக்கும்போது அவள் எப்படி இனவெறியோடு பேசியிருக்க முடியும் என்பது உங்கள் வாதம். நான் அதை வேறு மாதிரிப் படிக்கிறேன். கம்மி என்றால் எதைவிடக் கம்மி? உப்பு கம்மி, சம்பளம் கம்மி என்று குறையைச் சொல்லும் வார்த்தை அல்லவா அது. பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்வது, கடலை மாவும் மஞ்சளும் பூசச் சொல்லி அத்தைமார் சொல்வது. உங்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்; நீங்கள் எவ்வளவு சின்ன வயதில் அதைக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மறந்திருக்க மாட்டீர்கள்.

பாட்டி பேத்தியைக் கொஞ்சும்போது ‘கருவாச்சி’ என்று கூப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாசமாகத்தான் கூப்பிடுகிறார், சந்தேகமில்லை. ஆனால் தன் நிறம் ஒரு குறை என்று கேட்டு வளரும் குழந்தை, தன்னைவிடக் கறுப்பான ஒருத்தியைப் பார்த்தால் கேலி செய்வது நடக்கிற ஒன்றுதான். கொஞ்ச நேரத்துக்காவது அந்தக் குறை அடுத்தவள் மேல் இறங்கிவிடுகிறது. என் அறையில் இப்படிப்பட்ட குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி படம் வரையச் சொன்னபோது அம்மா, அப்பா, தம்பி எல்லோருக்கும் பழுப்பு கிரேயானைத் தேடி எடுத்துச் சாயம் பூசிவிட்டு, தன் முகத்தை மட்டும் காகித வெள்ளையாக விட்டுவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

இனி என்ன செய்யலாம்

பள்ளியை மாற்ற வேண்டாம். மாற்றினால், தான் செய்ததை யோசிக்க வேண்டியதில்லை, ஓடிவிட்டால் போதும் என்று மகள் புரிந்துகொள்வாள். அடுத்த பள்ளியிலும் இதே விதிதான். ஊருக்கு அனுப்புவது இன்னும் தப்பு. அந்த வசனம் அங்கே தினமும் ஓடுகிறது. போதாததற்கு அம்மா அப்பாவைப் பிரிந்த தண்டனை வேறு, செய்த தப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

பள்ளிக்குக் கணவரோடு போங்கள். டிவி நியாயத்தை அங்கே பேச வேண்டாம். ‘எங்கள் மொழி காமெடியில் கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள், அது அந்தக் குழந்தைக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது புரிகிறது, வீட்டில் பேசியிருக்கிறோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். அந்தச் சிறுமி எப்படி இருக்கிறாள் என்று நீங்களாகவே கேளுங்கள். உங்கள் மகள் நேரில் மன்னிப்புக் கேட்கலாமா, கடிதமாகக் கொடுக்கலாமா என்பதைப் பள்ளி அந்தக் குடும்பத்திடம் கேட்டுச் சொல்லட்டும். பதிவில் உங்கள் விளக்கத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘இனம்’ என்பதற்குள் தோலின் நிறமும், எந்த நாட்டவர் என்பதும் அடக்கம். நாளைக்கு யாராவது உங்கள் மகனைப் பார்த்து ‘உன் நாட்டுக்குப் போ’ என்றோ, மகளின் டிபன் பாக்ஸைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டோ கேலி செய்தால், நீங்கள் போய் நிற்கப்போவது அதே அறை வாசலில்தான். அந்தப் பதிவு நோட்டு உங்கள் பிள்ளைகளுக்கும் காவல். அதனால் அது ஒழுங்காக எழுதப்படுவது உங்களுக்கும் நல்லது.

மகனிடம் கோபப்பட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவன் சொன்னது சரி. வீட்டில் அதை முதலில் கண்டுகொண்டவன் அவன்தான். அந்த இரவு பார்த்த நிகழ்ச்சி பற்றியும் கணவரைத் தனியாக அவனிடம் பேசச் சொல்லுங்கள். திட்டுவதற்காக அல்ல. 13 வயதில் அவனுக்குக் கேள்விகள் இருக்கும், உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவான்.

அத்தையிடம் பேசுவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிகிறது. பெரியவரைக் குற்றம் சொல்லிப் பேச வேண்டாம், காமெடியே பார்க்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டாம். நல்ல காமெடிக்கு நமக்கு என்ன பஞ்சம்? பேத்தி பள்ளியில் இப்படிச் சொல்லி, ஒரு குழந்தை அழுதது என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளை வளர்த்தவருக்கு ஒரு குழந்தை அழுதது என்றால் புரியும். அப்புறம், ‘கருவாச்சி’யை விட்டுவிட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். மகளுக்கு அத்தையின் அம்மா பேரைத்தான் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரே ஆசைப்பட்டு வைத்த பேர்தானே, கேட்டுப்பாருங்கள்.